பஸ் ஸ்டாண்டில் நின்று பழைய ஊட்டி ஏரியைப் பார்க்க முடியுமா?

கோத்தகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீலகிரி வரலாற்றை ஏ.ஆர். மூலம் காட்ட ஆசை. போனைத் தூக்கிப் பிடித்தால் ஊட்டி கல் பங்களா வாசலில் சல்லிவன் துரை நடந்து வருவதுபோலச் செய்ய முடியுமா? செய்தால் வரலாறு பிள்ளைகள் மனதில் நிற்குமா, இல்லை வெறும் வேடிக்கையாகப் போய்விடுமா?"

முடியும் டீச்சர். ஏ.ஆர். என்பது போன் கேமராவில் தெரியும் நிஜக் காட்சிமேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் வித்தை. ஆனால் அந்தக் கால ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவனை நடக்க விடுவதுதான் இந்த வேலையிலேயே சுலபமானது, பலனும் குறைவானது. கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்கார பொம்மை வரும், கையசைக்கும். பிள்ளைகள் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு சுண்டல் வாங்கப் போய்விடுவார்கள். அவர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை உண்மைபோல அசைய விட்டால் அது நாடகம்தான். நாடகம் போடலாம், தப்பில்லை. அதற்குப் போன் எதற்கு?

தஞ்சாவூர்ப் பக்கம் என்றாலோ ஹம்பி என்றாலோ கதை வேறு. அங்கே கட்டடமோ இடிபாடோ நிற்கிறது. இல்லாத கூரையைத் திரையில் போட்டுக் காட்டலாம். நம் மலையில் பார்க்க வேண்டிய வரலாறு பெரும்பாலும் கட்டடத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. புல்வெளிமேல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது, மேய்ச்சல் காட்டின்மேல் தேயிலை வந்தது, ஏரிமேல் பஸ் ஸ்டாண்டு வந்தது. ஆகவே இங்கே ஏ.ஆருக்கு வேலை, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட மேலே கிடப்பதை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டுவதுதான்.

தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எது நடக்கும் எது நடக்காது என்று பிடிபடாது. தலையில் மாட்டிக்கொண்டு கண்ணெதிரே கணினிப் படத்தைப் பார்க்கும் கருவியை ஐவன் சதர்லேண்ட் 1968-லேயே செய்துவிட்டார். 2000-களின் தொடக்கத்தில் கிரீஸ் நாட்டு ஒலிம்பியாவில், முதுகுப்பையில் கணினியைச் சுமந்தபடி நடந்தால் இடிந்த கோயில் முழுசாகத் தெரிகிற ஏற்பாட்டைச் சோதித்தார்கள். 2010-ல் லண்டன் அருங்காட்சியகம், தெருவில் நின்று போனை நீட்டினால் அதே தெருவின் பழைய புகைப்படம் மேலே வந்து உட்காரும்படி ஓர் ஆப் வெளியிட்டது. செலவு குறைந்த, நேர்மையான வழி அது. உங்களுக்கு நான் சொல்லப்போவதற்கும் அதுதான் மூத்த அண்ணன். 2016-ல் போக்கிமான் கோ வந்த பிறகு இதெல்லாம் என்னவென்று வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போன் தான் எங்கே நிற்கிறது என்பதை இரண்டு வழிகளில் கண்டுபிடிக்கிறது. கிட்டத்தில் இருக்கும் பொருள் என்றால், கேமராவில் தெரியும் மூலை, விளிம்பு, புள்ளி எல்லாவற்றையும் பிடித்துவைத்து, நாம் நகர நகர அவை எப்படி நகர்கின்றன என்று கணக்குப் போடும். போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள் துணைக்கு நிற்கும். கல்சுவர், செங்கல், மரப்பட்டை மாதிரி சொரசொரப்பான பரப்பு என்றால் அருமையாகப் பிடிக்கும். வெள்ளையடித்த சுவர், தண்ணீர், மூடுபனி என்றால் திணறும். பனி மூடிய நாளில் குன்னூரில் எடுத்துப் பாருங்கள், போன் தவியாய்த் தவிக்கும்.

தூரத்தில் இருக்கும் மலைச்சரிவு, ஏரி என்றால் ஜி.பி.எஸ்.ஸும் திசைகாட்டியும்தான். திறந்தவெளியில் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். மரத்தடியில் இன்னும் தடுமாறும். திசைகாட்டிதான் பெரிய தொல்லை. பக்கத்தில் ஒரு பஸ் நின்றாலே முள் விலகும். ஐந்து டிகிரி பிசகினால் 200 மீட்டர் தள்ளி இருக்கும் பொருள் 17 மீட்டர் நகர்ந்துவிடும். ஏரிக்கரை யாரோ ஒருவருடைய வறுக்கிக் கடைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது: மலைமுகடு. தொட்டபெட்டா 200 வருஷத்தில் எங்கேயும் போகவில்லை. நாசா 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்து, நாம் நிற்கும் இடத்திலிருந்து முகடு எந்த வளைவில் தெரியும் என்று ஒரு கோடு வரைந்துவிடலாம். திரையில் அந்தக் கோடு வரும். பிள்ளை போனை லேசாகத் திருப்பி, கோட்டை உண்மையான முகட்டோடு பொருத்த வேண்டும். பொருந்தியதும் ஒரு தட்டு. திசைகாட்டித் தொல்லை அதோடு தீர்ந்தது. சமவெளியில் இந்த வித்தைக்கு வழியில்லை. இன்னொரு லாபம், பிள்ளைகள் தங்கள் மலையின் உருவத்தை முதல்முறையாக உற்றுப் பார்ப்பார்கள்.

சரி, எதைக் காட்டுவது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏரியில் தொடங்குவேன்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். கோத்தகிரி கன்னேரிமுக்கில் அவர் நினைவகம் இருப்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1822-ல் ஊட்டியில் கல் பங்களா வேலையை ஆரம்பித்தார். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஓடைகளை மறித்து ஏரி வெட்டினார். படகு விடுவதற்கு அல்ல, பாசனத்துக்கு. அந்த ஏரி இன்றைக்கு நாம் பார்ப்பதைவிட எவ்வளவோ பெரியது. பஸ் ஸ்டாண்டும், 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்ட குதிரைப் பந்தய மைதானத்தின் பெரும்பகுதியும் ஒரு காலத்து ஏரிப்படுகை.

இதை ஏ.ஆரில் செய்வது மிகச் சுலபம், ஏனென்றால் தண்ணீர் மட்டமானது. ஒரே ஒரு தட்டையான பரப்பு, ஒரே ஒரு உயரம். பழைய சர்வே வரைபடத்தில் இருக்கும் கரையை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தி, அந்த எல்லைக்குள் நீர்ப்பரப்பை விரித்தால் போதும். பஸ் ஸ்டாண்டு ஓரமாக, வண்டி வராத பக்கம் நின்று போனை நீட்டும் பிள்ளைக்கு, மேட்டுப்பாளையம் பஸ் பாதிச் சக்கரம் தண்ணீரில் நிற்கும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தண்ணீரைக் கொஞ்சம் கண்ணாடிபோல ஊடுருவும்படி வைத்துவிடுங்கள். பஸ்ஸை மறைக்க வேண்டுமே என்ற கஷ்டமான கணக்கு வேண்டாம், இன்றும் அன்றும் ஒரே நேரத்தில் தெரிவதுதான் நமக்கு வேண்டியதும். சிரித்து முடித்ததும் ஒருவனாவது கேட்பான்: "இவ்வளவு தண்ணியும் எங்க மிஸ் போச்சு?" அப்போது கோடப்பமந்து கால்வாயை ஒட்டிக் கூட்டிப்போய், அதில் என்ன ஓடி ஏரியில் கலக்கிறது என்று காட்டுங்கள். அதற்கு ஏ.ஆர். தேவையில்லை, மூக்கு போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வரைபட ஆதாரம் இருக்கிற கரையை அழுத்தமான கோடாகவும், ஊகிக்கிற கரையைப் புள்ளிக்கோடாகவும் காட்டுங்கள். கேப்டன் ரிச்சர்ட் பாரன் வரைந்து 1837-ல் அச்சான நீலகிரிக் காட்சிகள் போன்ற ஓவியங்கள் கைகொடுக்கும்; ஆனால் ஓவியர்கள் அழகுக்காக மலையை உயர்த்துவார்கள், கரையை வளைப்பார்கள். எது தெரியும், எது நம் ஊகம் என்று திரையிலேயே தெரிந்தால், வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்ற பாடமும் சேர்ந்து நடந்துவிடும். விலை உயர்ந்த ஆப்கள்கூட இதைச் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே பளபளப்பில் காட்டி, ஊகத்தையும் ஆதாரத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடுகின்றன.

அடுத்தது மரம். இதுதான் கஷ்டம், இதுதான் முக்கியம். 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் இங்கே வந்தது. குளிருக்கு விறகு வேண்டும், சோலைக் காடு சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது, இதுவோ மளமளவென்று வளர்ந்தது. சீகை மரமும் (வாட்டில்) வந்தது. அப்புறம் தேயிலை. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று இன்னும் நட்டார்கள். இன்றைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் ஊட்டி என்றதும் நினைப்பது நீலகிரித் தைல வாசத்தைத்தான். அந்த வாசத்துக்கு வயது 200 வருஷம்கூட இல்லை என்று சொன்னால் நம் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

மரத்தைத் திரையில் நடுவது எளிது, பிடுங்குவது கடினம். மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. அதனால் உண்மைக் காட்சியிலிருந்து மரங்களை ஒவ்வொன்றாக அழிக்கப் பார்க்காதீர்கள். முகட்டுக்குக் கோடு போட்ட அதே உயரத் தரவிலிருந்து மொத்தச் சரிவையும் ஒரு மாதிரியாக உருவாக்கி, அதன்மேல் புல்லைப் போர்த்தி, காட்சிமேல் முழுதாக மூடிவிடுங்கள். பள்ளத்து மடிப்புகளில் மட்டும், ஓடை ஓடும் இடத்தில், அடர்ந்த சோலைத் திட்டுகள். புல்லின் நிறத்துக்குக் கற்பனை வேண்டாம்: கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைல் வரை போனால் வென்லாக் டவுன்ஸில் மிச்சமிருக்கும் புல்வெளியையே படம் எடுக்கலாம். மழைக்கு அப்புறம் பச்சை, பனிக்காலம் முடியும்போது காய்ந்த பழுப்பு. இரண்டையும் எடுங்கள். கீழே ஒரு நகர்த்தும் பட்டி: 1820, 1870, 1930, இன்று. விரலை இடப்பக்கம் இழுக்க இழுக்கச் சரிவு மொட்டையாகிக்கொண்டே போகும்.

ஆனால் மொட்டை என்பது காலி அல்ல. இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1820-க்கு இழுத்ததும் ஆளில்லாத புல்வெளி ஒன்றை மட்டும் காட்டினால், "யாரும் இல்லாத இடத்தைத் துரைமார் வந்து ஊராக்கினார்கள்" என்ற பழைய கதையைத்தான் புது மெஷினில் சொல்கிறோம். புல்வெளியில் தோடரின் எருமைகள் மேய்ந்தன. படுகர் ஊர்களான ஹட்டிகளைச் சுற்றி விளைச்சல் நிலம் இருந்தது. கோத்தர் இரும்புச் சாமானும் பானையும் செய்தார்கள். அவர்கள் வாசிக்காமல் அடுத்தவர் வீட்டுச் சாவுகூட நடக்காது. சரிவுக் காடுகளில் குறும்பர், இருளர். எருமை நடந்த தடத்தைச் சரிவில் ஒரு கோடாகப் போட்டாலே போதும், நிலம் யாருடையதாகவோ தெரிய ஆரம்பிக்கும்.

தோடர் குடியிருப்புகளான மந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோடர் மந்துக்குள் நின்று போனை நீட்டினால் "பழங்காலத் தோடர்" தோன்றுவதுபோல ஏதும் வேண்டாம். அவர்கள் பழங்காலத்தில் இல்லை. உங்கள் வகுப்பில்கூட ஒரு தோடப் பிள்ளை இருக்கலாம். முத்தநாடு மந்துக் கோயிலில் இன்றும் ஆண்டுதோறும் பண்டிகை நடக்கிறது. உயிரோடு இருக்கிறவரை ஆவியாக்கிக் காட்டுவதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். மந்தைப் பற்றி ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் மந்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்கள் சொல்வதே கடைசி வார்த்தை. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்தும் மே மாதம் ஊட்டி சேரிங் கிராஸில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தை மந்து வாசலுக்கு அனுப்பும் வேலையை நம் ஆப் செய்ய வேண்டாம்.

வகுப்பறைக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. நீலகிரி உச்சிகளில் கல்வட்டங்கள் உண்டு, ஈமச் சின்னங்கள். 19-ஆம் நூற்றாண்டில் துரைமார் பலர் அவற்றைத் தோண்டினார்கள். நீலகிரியின் முதல் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டி எடுத்தவற்றைப் பற்றி எழுதிய புத்தகம், அவர் இறந்தபின் 1873-ல் வந்தது. ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி அவர் பெயரில் இருப்பதுதான். அந்தக் குழிகளில் கிடைத்த பானை மூடிகளின் உச்சியில் எருமை, பறவை, மனிதர் என்று சுடுமண் உருவங்கள் உட்கார்ந்திருக்கும். கையால் பிசைந்து ஒட்டிய உருவங்கள். கொஞ்சம் கோணலாக, ஆனால் எருமையின் கொம்பு வளைவைப் பார்த்ததும் இதைச் செய்தவர் எருமையோடு வாழ்ந்தவர் என்று தெரிந்துவிடும். அவை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. கோத்தகிரிப் பிள்ளை அவற்றைப் பார்க்க ஒரு ராத்திரி ரயில் ஏற வேண்டும், இல்லை கடல் கடக்க வேண்டும்.

இதற்கு அருங்காட்சியகத்தின் அனுமதி வாங்கி, ஒரு மூடியைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் படமெடுத்தால் போதும், அந்தப் படங்களை இணைத்து முப்பரிமாண உருவம் செய்துதரும் இலவச மென்பொருள்கள் உண்டு. பிறகு உங்கள் வகுப்பு மேசைமேல் ஒரு க்யூஆர் அட்டை. போனை நீட்டினால் மூடி மேசையில் நிற்கும், பிள்ளைகள் சுற்றி நடந்து பார்க்கலாம், குனிந்து அடிப்பக்கம் பார்க்கலாம். பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பதைவிட இதில் கூடுதலாகவே தெரியும். ஆனால் கல்வட்டங்கள் இருக்கும் இடத்தை மட்டும் ஆப்பில் போடாதீர்கள். புதையல் கிடைக்கும் என்று கடப்பாரையோடு போகிறவர்களுக்கு நாமே வழி காட்டிய மாதிரி ஆகிவிடும். கீழ்க்கோத்தகிரிப் பக்கப் பாறை ஓவியங்களுக்கும் இதே விதிதான். வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் முடியாது.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தை ஒரே வரியில் முடிக்கலாம்: மேலே உத்தரத்துக்குப் போனை நீட்டினால், இந்த மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்தது என்று ஒரு குறிப்பும் வந்த வழியும் தெரிந்தால் போதும். 1830-ல் ஆராதனைக்கு அர்ப்பணித்தார்கள். அனிமேஷனில் யானை எல்லாம் வேண்டாம்.

மலை ரயிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓட ஆரம்பித்தது, ஊட்டி வரை 1908-ல் நீண்டது. 46 கிலோமீட்டர், 16 குகை, செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இதெல்லாம் பலகையிலேயே எழுதியிருக்கிறது. பலகையில் இல்லாதது, இன்ஜினுக்குள் நடப்பது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஓடுகிறது, ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். அதனால் எப்போதும் ஏதாவது ஒரு பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள். புது நீராவி முதல் ஜோடிக்குள் போய் சாதாரணச் சக்கரத்தைத் தள்ளும். அங்கே வேலை முடித்து அழுத்தம் குறைந்த நீராவி வீணாகாமல் இரண்டாம் ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். குன்னூர் பிளாட்பாரத்தில் இன்ஜின் நிற்கும்போது அதன் பக்கவாட்டில் போனை நீட்டி, இரும்பைக் கண்ணாடியாக்கி, நீராவி போகும் பாதையை மட்டும் நிறத்தில் ஓடவிட்டால் அறிவியல் ஆசிரியரும் உங்களோடு சேர்ந்துகொள்வார். இரும்பில் போல்ட்டும் விளிம்பும் நிறைய இருப்பதால் போனும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆதியில் ஸ்விட்சர்லாந்தில் செய்து வந்த இந்த இன்ஜின்களைப் பிற்பாடு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இத்தனை சொன்னேன், ஆனால் மூடுபனி நாளில் மேலே சொன்னதில் பாதி வேலை செய்யாது. அதற்கு வழி ஒலி. ஏ.ஆர். என்றால் படம்தான் என்று கட்டாயமில்லை; ஓர் இடத்துக்கு வந்ததும் காதில் அந்த இடத்தின் குரல் கேட்பதும் அதுதான். ஜி.பி.எஸ். பத்து மீட்டர் பிசகினாலும் குரலுக்குக் கேடில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் கோத்தகிரி, கூடலூர், கொளப்பள்ளிப் பக்கம் எத்தனை குடும்பம்! அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் வேலை பார்த்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். மன்னார் வரை வந்தது, கப்பல் ஏறியது, மண்டபம் முகாமில் இருந்தது, முதல் நாள் இந்தக் குளிரில் கொழுந்து எடுக்கப் போனது எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே சொல்வார்கள். பிள்ளைகள் தங்கள் பாட்டியின் குரலைப் பதிவு செய்து, அவர் வேலை செய்த தோட்டத்து எடை போடும் இடத்தில் பொருத்தட்டும், பாட்டி சம்மதத்தோடு. நடுவட்டத்திலும் இப்படி ஒன்று செய்யலாம். 1860-களில், காய்ச்சல் மருந்தான குயினைன் தரும் சின்கோனா மரத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறைக்கட்டடம் அங்கே இருக்கிறது. அவர்கள் பேச்சு எதுவும் நமக்குக் கிடைக்காது. அங்கே கற்பனைக் குரல் போடாமல், எதற்காகக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை மட்டும் உங்கள் குரலில் சொல்லுங்கள்.

மனதில் நிற்குமா என்று கேட்டீர்களே, நீங்கள் செய்து காட்டினால் ஒரு வாரம் நிற்கும். பிள்ளைகளே செய்தால் நிற்கும். பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்துவது, புள்ளிக்கோடா அழுத்தக்கோடா என்று சண்டை போடுவது, ஒன்பதாவது மைலில் புல்லைப் படமெடுப்பது எல்லாம் அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

கடைசியாக நடைமுறை. தனி ஆப் செய்யாதீர்கள். க்யூஆர் கோடு வழியாக உலாவியிலேயே திறக்கும்படி செய்யுங்கள். பெற்றோர் போன்களில் விலை குறைந்தவை பலவற்றில் முழு ஏ.ஆர். வசதி இருக்காது, அவற்றில் சாதாரண 360 டிகிரிப் படமாகவாவது தெரிய வேண்டும். சிக்னல் மலை மடிப்புக்கு மடிப்பு போய்ப் போய் வரும், அதனால் பள்ளியிலேயே எல்லாம் இறங்கிவிடும்படி 10 எம்.பி.க்குள் அடக்குங்கள். நாலு பேருக்கு ஒரு போன் போதும். மற்ற மூவர் ரோட்டைப் பார்த்துக்கொள்வார்கள், குரங்கையும். ஏரிக்கு யார் அனுமதியும் வேண்டாம், அதனால் அதை முதலில் செய்யுங்கள், பிப்ரவரியில், வானம் தெளிவாக இருக்கும்போது. குன்னூர் ஸ்டேஷனில் அட்டை ஒட்ட வேண்டுமென்றால் ரயில்வேயின் சேலம் கோட்டத்துக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும். அதை இப்போதே அனுப்பிவிடுங்கள், பதில் வர நாளாகும்.